லெகோ சிற்றுருவச் சாவிச் சங்கிலிகள்

லெகோ சிற்றுருவச் சாவிச் சங்கிலி என்பது, டென்மார்க் நாட்டைச் சேர்ந்த லெகோ நிறுவனத்தின் விளையாட்டு மனித உருவம் ஒன்றை உலோகச் சங்கிலியுடனும் வளையத்துடனும் இணைத்து, சாவிகளை மாட்டி வைப்பதற்காக ஆக்கப்பட்ட ஒரு பொருள் ஆகும். சட்டைப்பையிலும் கைப்பையிலும் கிடந்து தேய்வதற்காகவே செய்யப்படும் இம்மலிவான பொருளை உலகின் பல நாடுகளில் பொழுதுபோக்காகச் சேகரிப்போர் உள்ளனர். ஒரே கதைமாந்தரின் சாவிச் சங்கிலி வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு முகம், நிறம், தலையணி ஆகியவற்றுடன் வெளிவந்திருப்பது இச்சேகரிப்பின் முதன்மையான ஈர்ப்பு ஆகும்.

தொகுப்புகளில் வரும் சாதாரண உருவங்களின் உறுப்புகளை எவரும் கழற்றி மாற்றிப் பூட்டலாம். சாவிச் சங்கிலியில் உள்ள உருவமோ தொழிற்சாலையில் பொருத்தப்பட்டவாறே நிலைத்திருப்பது. இதனால், குறிப்பிட்ட காலத்தில் எந்தத் தலை எந்த உடலோடு எவ்வாறு வந்தது என்பதற்கு இது நம்பகமான சான்றாக அமைகின்றது. சங்கிலி நீக்கப்பட்டால் அச்சான்றும் அழிந்துவிடுகின்றது.

பெயர்

லெகோ என்னும் பெயர் "நன்றாக விளையாடு" என்னும் பொருள் தரும் டேனிய மொழித் தொடரில் இருந்து 1934 ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்டது. இந்நிறுவனத்தின் சிறிய மனித உருவங்கள் மினிஃபிகர் என அழைக்கப்படுகின்றன. இக்கட்டுரையில் அவை சிற்றுருவங்கள் எனக் குறிக்கப்படுகின்றன. சாவிச் சங்கிலி பேச்சு வழக்கில் கீ செயின் எனவும், எழுத்து வழக்கில் சாவிவளையம், சாவிக்கொத்து எனவும் வழங்குகின்றது. சாவிக்கொத்து என்னும் சொல் சாவிகளின் தொகுதியையும் குறிப்பதால், இங்கு சாவிச் சங்கிலி என்னும் சொல்லே ஆளப்படுகின்றது.

அமைப்பு

சிற்றுருவம் ஒன்று தலையணி நீங்கலாக ஏறத்தாழ 4 செ.மீ. உயரமுடையது. இது லெகோ கட்டைகள் நான்கினை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உயரத்துக்கு ஏறத்தாழச் சமம் ஆகும். தலை, உடற்பகுதி, இரு கைகள், இரு உள்ளங்கைகள், இடுப்பு, இரு கால்கள் என்பன இதன் உறுப்புகள். இவற்றுடன் முடி, தொப்பி, தலைக்கவசம் போன்ற தலையணி ஒன்று தலையின் உச்சியில் உள்ள குமிழில் பொருத்தப்படும். உருவத்தின் முதன்மையான உறுப்புகள் ஏபிஎஸ் எனப்படும் கடினமான நெகிழியால் ஆனவை.

சாவிச் சங்கிலியில் தலையணியையும் தலையையும் துளைத்துச் செல்லும் உலோக ஊசி ஒன்று உள்ளது. அதன் மேல் முனையில் உள்ள சிறு கண்ணில் சங்கிலி கோக்கப்பட்டிருக்கும். சங்கிலியின் மறுமுனையில் சாவிகளுக்கான வளையம் இருக்கும். சாவிகளின் எடையையும் இழுவிசையையும் தாங்க வேண்டியிருப்பதால், தலையணி, தலை, உடற்பகுதி ஆகியவை எளிதில் கழலாதவாறு நிலையாக இணைக்கப்படுகின்றன. கைகளும் கால்களும் பொதுவாக அசையக்கூடியனவாகவே விடப்படுகின்றன. எளிதில் கழன்று தொலையக்கூடிய துணைப்பொருட்கள் பெரும்பாலும் சேர்க்கப்படுவதில்லை.

பல சாவிச் சங்கிலிகளில் லெகோ சின்னம் பொறித்த சிறு நெகிழித் தகடு ஒன்றும் தொங்கும். இத்தகடு இரண்டு வடிவங்களில் பரவலாகக் காணப்படுகின்றது. ஒன்று 2 x 2 குமிழ் அளவுள்ள சதுரத் தகடு. மற்றொன்று ஒரு முனை வளைந்து, துளையுடன் அமைந்த 3 x 2 குமிழ் அளவுள்ள தகடு. ஒரே உருவம் இவ்விரு தகடுகளுடனும் வந்திருப்பின், சேகரிப்போரின் பட்டியல்கள் அவற்றைத் தனித்தனிப் பொருட்களாகவே பதிவு செய்கின்றன.

வரலாற்றுப் பின்னணி

லெகோ நிறுவனம் 1932 ஆம் ஆண்டில் டென்மார்க்கின் பில்லுண்டு என்னும் ஊரில் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சரால் தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் மரப் பொம்மைகளே செய்யப்பட்டன. இன்றைய பூட்டுமுறை கொண்ட நெகிழிக் கட்டைக்கான காப்புரிமை விண்ணப்பம் 1958 ஆம் ஆண்டு சனவரி 28 ஆம் நாள் பதிவு செய்யப்பட்டது.

கட்டைகளால் வீடுகளையும் ஊர்திகளையும் கட்டிய சிறுவர்களுக்கு அவற்றில் குடியேற்ற மனிதர் இல்லாதிருந்தனர். இக்குறையைப் போக்க 1974 ஆம் ஆண்டில், கட்டைகளால் ஆன உடலும் உருண்டைத் தலையும் கொண்ட குடும்ப உருவங்கள் வெளியாயின. இவை கட்டைகளால் கட்டப்படும் வீடுகளுக்கு மிகப் பெரியனவாக இருந்தன. 1975 ஆம் ஆண்டில் வந்த சிறிய உருவங்களுக்கு முகமும் அசையும் கைகால்களும் இல்லை. இவ்விரண்டின் குறைகளையும் நீக்கி, யென்சு நியுகோர்டு குனுட்சன் என்ற வடிவமைப்பாளரின் முயற்சியால் 1978 ஆம் ஆண்டில் இன்றைய சிற்றுருவம் அறிமுகமானது. நகரம், கோட்டை, விண்வெளி ஆகிய மூன்று கருப்பொருள்களில் அது வெளிவந்தது.

சிற்றுருவத்தின் அடிப்படை அளவுகள் அன்றுமுதல் பெரிதும் மாறவில்லை. 1978 ஆம் ஆண்டின் தலையை இன்றைய உடலில் பொருத்த முடியும். அளவுகள் மாறாதிருக்க, மேற்பரப்பும் நுண்ணுறுப்புகளும் மட்டும் மாறி வந்துள்ளன. இதனால் உருவங்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவது எளிதாகின்றது.

வகைகள்

லெகோ பெயரில் வெளிவந்த சாவிச் சங்கிலிகளைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

1. சிற்றுருவச் சாவிச் சங்கிலி: உண்மையான அளவுள்ள சிற்றுருவத்தையே கொண்டது. சேகரிப்போரால் மிகுதியாக நாடப்படுவது இதுவே.
2. சிறுபாவைச் சாவிச் சங்கிலி: 2012 ஆம் ஆண்டில் பிரெண்ட்சு தொடரில் அறிமுகமான, மெலிந்த உடலமைப்புக் கொண்ட சிறுபாவைகளை உடையது.
3. கட்டைச் சாவிச் சங்கிலி: மனித உருவம் இன்றி 2 x 4 குமிழ்க் கட்டை போன்ற கட்டைகளை மட்டும் கொண்டது.
4. ஒளிரும் சாவிச் சங்கிலி: சிற்றுருவத்தின் வடிவத்தைப் பெரிதாக்கி, பாதங்களில் எல்.ஈ.டி. விளக்குகளை அமைத்தது. மார்பில் உள்ள பொத்தானை அழுத்தினால் விளக்குகள் எரியும். இது லெகோவின் உரிமம் பெற்ற வேறு நிறுவனத்தால் தயாரிக்கப்படுவது. இதன் உறுப்புகள் சாதாரண லெகோ உறுப்புகளுடன் பொருந்துவதில்லை.

இவற்றுள் முதல் வகையே இக்கட்டுரையின் பொருள் ஆகும்.

வடிவமைப்பு மாற்றங்கள்

சாவிச் சங்கிலிகளுக்கெனத் தனியாக உருவங்கள் பெரும்பாலும் வடிவமைக்கப்படுவதில்லை. அந்தந்தக் காலத்தில் விளையாட்டுத் தொகுப்புகளுக்கு வார்க்கப்படும் உறுப்புகளே இவற்றிலும் பயன்படுகின்றன. ஆகவே சிற்றுருவத்தின் வரலாற்றில் நிகழ்ந்த மாற்றங்கள் சாவிச் சங்கிலிகளிலும் பதிவாகியுள்ளன.

முகம்

1978 முதல் ஏறத்தாழப் பத்து ஆண்டுகளுக்கு எல்லாச் சிற்றுருவங்களுக்கும் ஒரே முகமே இருந்தது. இரண்டு கரும்புள்ளிகள் கண்களாகவும், ஒரு வளைகோடு புன்னகையாகவும் அமைந்தன. காவலர், விண்வெளி வீரர், அரசர் ஆகிய அனைவரும் இம்முகத்தையே பெற்றனர். உருவம் யார் என்பதை உடையும் தலையணியுமே காட்டின.

1989 ஆம் ஆண்டில் வெளியான கடற்கொள்ளையர் தொடர் இந்நிலையை மாற்றியது. ஒற்றைக் கண்மூடி, தாடி, மீசை, உதட்டுச் சாயம் ஆகியவை முகங்களில் தோன்றின. கொக்கிக் கையும் மரக்காலும் இத்தொடரிலேயே அறிமுகமாயின. அதன்பின் முகம் உருவத்தின் தனி அடையாளமாக வளர்ந்தது.

2001 ஆம் ஆண்டில் ஆரி பாட்டர் தொடரின் பேராசிரியர் குயிரல் உருவத்தில் முன்னும் பின்னும் முகம் அச்சிடப்பட்ட தலை இடம்பெற்றது. தலையைத் திருப்பினால் வேறொரு முகம் தோன்றும். பின்னாளில் இம்முறை சிற்றுருவங்களில் மிகப் பரவலானது. சாவிச் சங்கிலியில் தலை நிலையாகப் பொருத்தப்பட்டிருப்பதால் இரண்டாம் முகத்தைப் பயன்படுத்த இயலாது. தலையணியின் அடியில் அது மறைந்தே கிடக்கும்.

நிறம்

எந்த ஓர் இனத்தையும் குறிக்காத பொதுநிறமாக மஞ்சள் தொடக்கத்தில் தெரிவு செய்யப்பட்டது. 1999 ஆம் ஆண்டில் ஸ்டார் வார்ஸ் உரிமத்துடன் திரைப்பட மாந்தர்களின் உருவங்கள் வரத் தொடங்கியபோதும் இதுவே நீடித்தது. உண்மையான நடிகர்களை நினைவூட்டும் உருவங்கள் மஞ்சள் தோலுடன் இருப்பது பொருந்தவில்லை என்னும் சிக்கல் அதன்பின் எழுந்தது. 2003 ஆம் ஆண்டில் கூடைப்பந்து வீரர்களின் உருவங்களிலும், ஸ்டார் வார்ஸ் தொடரின் லேண்டோ கால்ரிசியன் உருவத்திலும் இயற்கையான தோல்நிறங்கள் பயன்பட்டன. 2004 ஆம் ஆண்டு முதல் உரிமம் பெற்ற தொடர்களில் இயற்கை நிறமே பொதுவழக்கமாயிற்று.

இம்மாற்றம் சேகரிப்போருக்குத் தெளிவான எல்லைக்கோடாக அமைந்துள்ளது. ஆரி பாட்டரின் மஞ்சள் முகமும் இயற்கை நிற முகமும் அருகருகே வைக்கப்படும்போது, இரண்டுக்கும் இடையிலான கால வேறுபாடு ஒரே பார்வையில் புலப்படும். ஆயினும் மஞ்சள் நிறம் கைவிடப்பட்டுவிடவில்லை. நகரம், நிஞ்சாகோ போன்ற லெகோவின் சொந்தத் தொடர்களில் அது தொடர்கின்றது. எனவே மஞ்சளாக இருப்பதாலேயே ஓர் உருவம் பழையது எனக் கொள்ளுதல் தவறாகும்.

தலைக் குமிழ்

தொடக்ககாலத் தலைகளின் உச்சியில் உள்ள குமிழ் துளையின்றித் திண்மமாக இருந்தது. பின்னர் குமிழின் நடுப்பகுதி திறந்ததாக மாற்றப்பட்டது. குழந்தை ஒன்று தலையைத் தவறுதலாக விழுங்கித் தொண்டையில் சிக்கினாலும் காற்றுச் செல்ல ஓரளவேனும் வழி இருக்க வேண்டும் என்பது இதற்கான காரணமாகக் கூறப்படுகின்றது. திண்மக் குமிழ், தடுப்புடன் கூடிய திறந்த குமிழ், உட்குழிந்த குமிழ் எனச் சேகரிப்போர் இதனை மூன்றாகப் பிரிப்பர். சாதாரண உருவத்தின் காலத்தை அறிய இது பெரிதும் உதவும். சாவிச் சங்கிலியில் தலையணி நீக்கப்பட முடியாதிருப்பதாலும், ஊசி குமிழைத் துளைத்துச் செல்வதாலும் இவ்வழி பெரும்பாலும் அடைபட்டுவிடுகின்றது.

உடலும் கால்களும்

முதற்காலச் சிற்றுருவங்கள் சிலவற்றின் மார்பில் படம் அச்சிடப்படாமல் ஒட்டுத்தாளே ஒட்டப்பட்டது. பின்னர் நெகிழியின் மீது நேரடியாக அச்சிடும் முறை முழுமையாக இடம்பிடித்தது. முன்பக்கத்தில் மட்டும் இருந்த அச்சுப்படம், காலப்போக்கில் முதுகிலும் கால்களிலும், அண்மைக் காலத்தில் சில உருவங்களின் கைகளிலும் இடம்பெற்றது. பொதுவாக, அச்சுப்படங்களின் நுணுக்கமும் அவை பரவியுள்ள பரப்பும் ஆண்டுகள் செல்லச் செல்ல மிகுந்து வந்துள்ளன.

கால்களின் அளவிலும் வேறுபாடுகள் தோன்றின. 2002 ஆம் ஆண்டில் ஸ்டார் வார்ஸ் தொடரின் யோடா உருவத்துக்காக அசையாத குட்டைக் கால்கள் அறிமுகமாயின. 2010 ஆம் ஆண்டில் டாய் ஸ்டோரி தொடருக்காக நீண்ட கைகளும் கால்களும் செய்யப்பட்டன. 2018 ஆம் ஆண்டில் ஆரி பாட்டர் தொடரின் சிறுவர் உருவங்களுக்கு அசையக்கூடிய நடுத்தரக் கால்கள் பயன்பட்டன.

தலையணி

சாவிச் சங்கிலியில் மிக முதலில் கண்ணில் படுவது தலையணியே. இதன் மாற்றத்துக்கு டார்த் வேடர் உருவம் நல்ல எடுத்துக்காட்டு. 1999 முதல் இவ்வுருவத்தின் தலைக்கவசம் ஒரே துண்டாக வார்க்கப்பட்டது. 2015 ஆம் ஆண்டில், முகமூடியும் மேற்கவசமும் தனித்தனியான இரு துண்டுகளாக அமைந்த புதிய கவசம் வந்தது. பேட்மேன் உருவமும் இவ்வாறே 2006 ஆம் ஆண்டின் முதல் தொடர், 2012 ஆம் ஆண்டின் மீநாயகர் தொடர், 2017 ஆம் ஆண்டின் திரைப்படத் தொடர் என மூன்று கட்டங்களில் உடையும் முகமும் மாறி வந்துள்ளது.

சின்னம்

லெகோவின் சிவப்புச் சதுரச் சின்னம் 1973 ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டு, 1998 ஆம் ஆண்டில் எழுத்துகள் சற்றே திருத்தப்பட்டு இன்றைய வடிவத்தைப் பெற்றது. சங்கிலியில் தொங்கும் தகட்டிலோ பொதியிலோ உள்ள சின்னத்தைக் கொண்டு பொருள் 1998 ஆம் ஆண்டுக்கு முந்தையதா பிந்தையதா என்பதை ஓரளவு அறியலாம்.

மாற்றங்களின் காலவரிசை

1978 - அசையும் கைகால்களுடன் சிற்றுருவம் அறிமுகம்
1989 - பல்வேறு முகங்கள், கொக்கிக் கை, மரக்கால்
1998 - லெகோ சின்னம் திருத்தப்படல்
1999 - ஸ்டார் வார்ஸ் உரிமத் தொடர்
2001 - இருபக்க முகம்
2002 - குட்டைக் கால்கள்
2003 - இயற்கைத் தோல்நிறம்
2004 - உரிமத் தொடர்களில் இயற்கைத் தோல்நிறம் பொதுவாதல்
2010 - நீண்ட கைகால்கள்
2012 - சிறுபாவைகள்
2015 - டார்த் வேடரின் இருதுண்டுக் கவசம்
2018 - நடுத்தரக் கால்கள்

காலத்தைக் கணித்தல்

பொதி இல்லாமல் கிடைக்கும் சாவிச் சங்கிலி ஒன்றின் காலத்தைக் கணிக்க எளிய விதி ஒன்று உண்டு. உருவத்தில் உள்ள கூறுகளில் எது மிகவும் பிந்தி அறிமுகமானதோ, அதன் ஆண்டுக்கு முன்னர் அப்பொருள் செய்யப்பட்டிருக்க முடியாது. எடுத்துக்காட்டாக, இருதுண்டுக் கவசம் அணிந்த டார்த் வேடர் 2015 ஆம் ஆண்டுக்கு முற்பட்டதாக இருக்க இயலாது.

இவ்விதி கீழெல்லையை மட்டுமே தருகின்றது. மேலெல்லையைக் காண்பது கடினம். புதிய உறுப்பு வந்தவுடன் பழைய உறுப்பின் இருப்பு தீர்ந்துவிடும் எனக் கூற முடியாது என்பதே காரணம். ஆகவே பழைய தலையும் புதிய உடலும் ஒருங்கே அமைந்த சாவிச் சங்கிலி போலியாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. மாறாக, அது ஒரு மாறுதல் காலத்தின் சான்றாக இருக்கக்கூடும். சாதாரண உருவத்தில் இத்தகைய சேர்க்கையை எவரேனும் வீட்டில் மாற்றிப் பூட்டியது என ஒதுக்கிவிடலாம். தலையும் உடலும் நிலையாக இணைக்கப்பட்ட சாவிச் சங்கிலியில் அவ்வாறு ஒதுக்க முடியாது.

சேகரிப்பு

சேகரிப்போர் பல வழிகளைப் பின்பற்றுகின்றனர். சிலர் ஒரே தொடரின் எல்லா மாந்தரையும் சேர்க்கின்றனர். சிலர் ஒரே மாந்தரின் எல்லா வேறுபாடுகளையும் தேடுகின்றனர். இன்னும் சிலர் சென்று வந்த லெகோலாண்டு பூங்காக்கள், கடைகள் ஆகியவற்றின் நினைவாக மட்டும் வாங்குகின்றனர். வடிவமைப்பு மாற்றங்களை அறிய விரும்புவோருக்கு இரண்டாவது வழியே மிகுந்த பயன் தருவது. பத்து மாந்தரின் பத்து உருவங்களைக் காட்டிலும் ஒரே மாந்தரின் நான்கு காலத்து உருவங்கள் மாற்றத்தை நன்கு விளக்கும்.

இப்பொருட்களை அடையாளம் காணப் பிரிக்லிங்கு என்னும் இணையத்தளத்தின் பட்டியல் பரவலாகப் பயன்படுகின்றது. 2000 ஆம் ஆண்டில் தனியார் ஒருவரால் தொடங்கப்பட்ட இத்தளத்தை லெகோ நிறுவனம் 2019 ஆம் ஆண்டில் வாங்கியது. அங்கு சாவிச் சங்கிலிகள் சிற்றுருவங்களின் பட்டியலில் வைக்கப்படாமல், உடை, கடிகாரம் முதலியவற்றுடன் துணைப்பொருட்களின் கீழ் தனிப்பிரிவாக வைக்கப்பட்டுள்ளன. உருவம் ஒன்றாக இருப்பினும் பொருள் வேறு என்னும் கருத்து இவ்வகைப்பாட்டில் வெளிப்படுகின்றது.

மதிப்பு பெரும்பாலும் நிலையைப் பொறுத்தது. விலைச்சீட்டோ பொதியோ நீக்கப்படாதவை உயர்வாகக் கருதப்படுகின்றன. பயன்படுத்தப்பட்டவற்றில் பின்வருவன கவனிக்கப்படுகின்றன.

- முகம், மார்பு ஆகியவற்றின் அச்சுப்படம் சாவிகளால் கீறப்பட்டுள்ளதா என்பது
- உடற்பகுதியின் பக்கங்களில், குறிப்பாகக் கையின் குழிக்குக் கீழே, வெடிப்பு உள்ளதா என்பது
- வெண்ணிற உறுப்புகள் மஞ்சளித்துள்ளனவா என்பது
- சங்கிலி, வளையம், சின்னத் தகடு ஆகியவை மூலத்தில் இருந்தவையா என்பது
- உலோகத்தில் துருவோ பூச்சு உதிர்வோ உள்ளதா என்பது

இச்சேகரிப்பில் ஒரு முரண்பாடும் உண்டு. பயன்படுத்தினால் சான்று தேயும். பயன்படுத்தாவிடின் அது சாவிச் சங்கிலியாகவே இருந்ததில்லை. பலர் ஒன்றைப் பயன்பாட்டுக்கும் மற்றொன்றைச் சேமிப்புக்கும் என இரண்டு வாங்குவது இதன் விளைவே. ஆயினும் அச்சுப்படம் முற்றிலும் அழிந்த உருவத்தைக் குறையுள்ளதாகக் கருதாமல், அதன் உரிமையாளர் எத்தனை ஆண்டுகள் அதனைச் சுமந்தார் என்பதன் அடையாளமாகப் பேணுவோரும் உள்ளனர்.

சங்கிலி நீக்கிய உருவங்கள்

சாவிச் சங்கிலியின் உருவம் விளையாட்டுத் தொகுப்பின் உருவத்தைப் போன்றே இருப்பதாலும், சில சமயம் அதைவிட மலிவாகக் கிடைப்பதாலும், ஊசியை அகற்றிச் சிற்றுருவமாகப் பயன்படுத்த முயல்வோர் உண்டு. தம் சொந்த விளையாட்டுக்காக இவ்வாறு செய்வதில் தவறில்லை. அவ்வுருவத்தைத் தொகுப்பில் இருந்து வந்ததெனக் கூறி விற்கும்போதே சிக்கல் எழுகின்றது. கிடைத்தற்கரிய உருவம் எனக் கருதி மிகுந்த பணம் கொடுப்பவர், வீட்டுக்கு வந்தபின் தலையணியைக் கழற்றும்போதுதான் துளையைக் காண்கின்றார்.

நேரில் வாங்குவோர் தலையணியின் உச்சி, தலைக் குமிழ், கழுத்து ஆகிய மூன்று இடங்களைப் பார்த்தால் இதனைக் கண்டறியலாம். தலையணியில் வட்டமான துளையோ, துளையை அடைத்த தடமோ இருக்கும். தலைக் குமிழில் மூலத்தில் உள்ள சீரான திறப்புக்கும் ஊசி சென்ற துளைக்கும் வேறுபாடு தெரியும். தலை கழுத்தில் தளர்வாகவோ அளவுக்கு மீறி இறுக்கமாகவோ இருப்பதும், கழுத்தில் பசையின் தடம் இருப்பதும் ஐயத்துக்குரியன. இணையத்தில் வாங்குவோர் தலையணி நீக்கிய நிலையில் மேலிருந்து எடுத்த ஒளிப்படம் ஒன்றைக் கேட்டுப் பெறுவது நன்று. சங்கிலி நீக்கப்பட்ட செய்தியை விற்பவர் முன்கூட்டியே தெரிவித்தால் வாங்குபவர் அதற்குரிய குறைந்த விலையைத் தர முடியும்.

போலிகள்

லெகோ கட்டையின் காப்புரிமைகள் காலாவதியானதால், அதனோடு பொருந்தும் கட்டைகளை வேறு நிறுவனங்கள் தம் பெயரில் விற்பது சட்டத்துக்கு உட்பட்டதே. சிற்றுருவத்தின் நிலை வேறு. அதன் வடிவம் ஐரோப்பிய ஒன்றியத்தில் முப்பரிமாண வணிகச் சின்னமாக 2000 ஆம் ஆண்டில் பதிவு செய்யப்பட்டது. இதனை நீக்கக் கோரிப் பெசுட்-லாக் என்னும் போட்டி நிறுவனம் தொடுத்த வழக்கில், 2015 ஆம் ஆண்டு சூன் 16 ஆம் நாள் ஐரோப்பிய ஒன்றியப் பொது நீதிமன்றம் பதிவு செல்லும் எனத் தீர்ப்பளித்தது.

லெகோ தொகுப்புகளை அப்படியே நகலெடுத்து லெப்பின் என்னும் பெயரில் விற்ற சீனக் குழுவின் இடங்களில் 2019 ஆம் ஆண்டில் சாங்காய் காவல்துறை சோதனை நடத்தியது. 2020 ஆம் ஆண்டில் இக்குழுவின் தலைவருக்கு ஆறாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. இத்தகைய நடவடிக்கைகளுக்குப் பின்னரும் நகல் உருவங்கள் கொண்ட சாவிச் சங்கிலிகள் கடைத்தெருக்களில் விற்கப்படுகின்றன.

உண்மையான சிற்றுருவத்தின் தலைக் குமிழின் மீதும் கழுத்தின் மேற்புறத்திலும் லெகோ எழுத்துகள் மிகச் சிறியனவாக வார்க்கப்பட்டிருக்கும். சாவிச் சங்கிலியில் இவ்விரு இடங்களும் மறைந்துவிடுவதால் சோதனை கடினமாகின்றது. அதனால் கால்களிலும் இடுப்பிலும் உள்ள வார்ப்பெழுத்துகள், அச்சுப்படத்தின் கூர்மை, உறுப்புகள் பொருந்தும் இடங்களில் உள்ள இடைவெளி, சின்னத் தகடு ஆகியவற்றைக் கொண்டே முடிவு செய்ய வேண்டியுள்ளது. தகடு மட்டும் இருப்பது போதிய சான்றாகாது; அதுவும் நகலெடுக்கப்படக் கூடியதே.

பராமரிப்பு

ஏபிஎஸ் நெகிழி சூரிய ஒளியில் உள்ள புறஊதாக் கதிர்களால் நிறம் மாறும். வெண்ணிற உறுப்புகளில் இது விரைவில் புலப்படும். ஆகவே சேகரிப்பைச் சன்னலோரத்தில் காட்சிக்கு வைப்பதைத் தவிர்க்க வேண்டும். மஞ்சளித்த உறுப்புகளை ஐதரசன் பெரொக்சைடு கொண்டு வெளுக்கச் செய்யும் முறை ஒன்று பரவலாக உள்ளது. இது அச்சுப்படத்துக்கும் உலோகத்துக்கும் கேடு விளைவிக்கக் கூடும் என்பதால் சாவிச் சங்கிலிகளுக்கு ஏற்றதன்று.

லெகோ உறுப்புகளை 40 பாகை செல்சியசுக்கு மிகாத வெந்நீரில் கையால் கழுவலாம் என அந்நிறுவனம் அறிவுறுத்துகின்றது. சாவிச் சங்கிலியை நீரில் ஊறவைத்தால் ஊசியைச் சுற்றி ஈரம் தங்கித் துருப்பிடிக்கும். மென்மையான ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்த்துவதே போதுமானது. அச்சுப்படத்தின் மீது அழுத்தித் தேய்த்தல் கூடாது. சேமிக்கும்போது ஒவ்வொன்றையும் தனி உறையில் இட்டு, ஒன்றின் வளையம் மற்றொன்றின் முகத்தைக் கீறாதவாறு வைக்க வேண்டும். ஒளிரும் வகையை நெடுநாள் வைத்திருப்போர் மின்கலங்களை அகற்றிவிட வேண்டும். கசியும் மின்கலம் உட்புறத்தை அரித்துவிடும்.

குழந்தைகளின் பாதுகாப்பு

பொம்மையைப் போல் தோன்றினும் சாவிச் சங்கிலி மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு ஏற்றதன்று. ஐக்கிய அமெரிக்க நாடுகளின் சிறுபாக விதியின்படி, 31.7 மி.மீ. விட்டமுள்ள சோதனை உருளையினுள் முழுதும் அடங்கும் பொருள் மூச்சடைப்பை உண்டாக்கக் கூடியதாகக் கருதப்படுகின்றது. சிற்றுருவத்தின் தலை, கை, தலையணி ஆகிய ஒவ்வொன்றும் இவ்வுருளையினுள் எளிதில் அடங்கும். நெடுங்காலம் பயன்பட்டுத் தளர்ந்த உருவங்களில் இருந்து இவ்வுறுப்புகள் கழன்று விழும் வாய்ப்பு மிகுதி.

ஒளிரும் வகையில் உள்ள பொத்தான் மின்கலங்கள் இதனினும் ஆபத்தானவை. விழுங்கப்பட்ட மின்கலம் உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண்ணை ஏற்படுத்தக் கூடும். இத்தகைய மின்கலங்களைக் கொண்ட நுகர்பொருட்களுக்கு, குழந்தைகளால் திறக்க இயலாத மூடியை வலியுறுத்தும் சட்டம் ஐக்கிய அமெரிக்காவில் 2022 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதற்கு முன் செய்யப்பட்ட பழைய சாவிச் சங்கிலிகளை வாங்குவோர் மூடியின் திருகாணி இறுக்கமாக உள்ளதா எனப் பார்த்துக்கொள்ள வேண்டும். குழந்தை மின்கலத்தை விழுங்கியதாக ஐயம் எழுந்தால், அறிகுறிகளுக்காகக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

இவற்றையும் பார்க்க

- லெகோ
- சிற்றுருவம்
- பொம்மை
- சாவி
- ஏபிஎஸ் நெகிழி
- அஞ்சல்தலை சேகரிப்பு
- நாணயவியல்